காமிராத் தொழிலும் நமது வாலிபர்களும்

(புதுக்கோட்டையில் கூடிய நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வி, வாணிகம், கோயில் திருப்பணி ஆகியவற்றைக் குறித்து இம்மேடையில் அறிஞர் பலர் விரிவாகப் பேசியிருக்கின்றனர். எனக்கு அளிக்கப்பட்ட விஷயமோ சற்றுப் புதியது. சினிமாவிலும் டெலிவிஷனிலும் காமிரா இயக்கும் தொழிலை நம் பிள்ளைகள் மேற்கொள்ளலாமா, மேற்கொள்வதாயின் எம்முறையில் மேற்கொள்ளவேண்டும் என்பதே அது. இதனைக் கேட்டவுடன் முன்வரிசையிலுள்ள பெரியோர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். பின்வரிசையிலுள்ள தம்பிமார்கள் நிமிர்ந்து உட்காரக்கூடும். இருதிறத்தார்க்கும் பயன்படுமாறு பேச முயல்கின்றேன்.

நம் குடும்பங்களில் இக்காலத்தே நிகழ்வது யாது? பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய பிள்ளை ஒருவன், "நான் காமிராமேன் ஆகப்போகின்றேன்" என்கின்றான். அப்பச்சிக்கு அது வெறும் சினிமாப் பைத்தியமாகத் தோன்றுகின்றது. தாயார் கண்ணீர் விடுகின்றார். பின்னர் இரண்டிலொன்று நடைபெறுகின்றது. ஒருசாரார் பிள்ளையின் விருப்பத்தைக் காதில் வாங்காமல் அவனைப் பொறியியற் கல்லூரியில் தள்ளிவிடுகின்றனர். மற்றொரு சாரார் அவன் பிடிவாதத்திற்கு இணங்கி, சில லக்ஷம் ரூபாய்க்குக் காமிரா ஒன்றை வாங்கிக் கையில் கொடுத்து, "பிழைத்துக்கொள்" என்று அனுப்பிவிடுகின்றனர். இவ்விரண்டும் தவறு என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். முன்னது பிள்ளையின் மனத்தை வீணாக்குகின்றது. பின்னது பணத்தையும் பிள்ளையையும் ஒருங்கே வீணாக்குகின்றது.

காமிராத் தொழில் அடிப்படியிலிருந்து ஒவ்வொரு படியாக ஏறிக் கற்கவேண்டிய தொழில். அங்ஙனம் ஏறுகின்றவனுக்கு முதற் சில ஆண்டுகள் வீட்டாரின் ஆதரவும், எழுத்து மூலமான ஏற்பாடும், கணக்கு வழக்கும் வேண்டும். இவ்வகையில் ஒரு பையனைத் தொழிலில் ஆளாக்கும் வித்தை உலகத்தில் எவருக்குத் தெரியாதிருப்பினும் நகரத்தாராகிய நமக்குத் தெரியும். இதுவே யான் இன்று சொல்ல வந்தது.

நம் பகுதியும் படத்தொழிலும்

புதுக்கோட்டைக்கும் பேசும் படத்துக்கும் உள்ள உறவு நெடுநாளையது. நடிப்பிலும் பாட்டிலும் பெயர் பெற்ற பி. யு. சின்னப்பா இவ்வூரிற் பிறந்தவர். ஜெமினி கணேசனும் இவ்வூரினரே. திரையின் முன் நின்ற இவர்களை நாடறியும். திரைக்குப் பின்னே காமிராவின் அருகில் நின்று பெருங்காரியம் செய்த ஒருவரை நம்மிற் பலர் மறந்திருக்கின்றோம். அவரே கோட்டையூர் ஏ. கே. செட்டியார் அவர்கள்.

1911-ஆம் ஆண்டு பிறந்த அவர், இரங்கூனில் 'தனவணிகன்' பத்திரிகையின் ஆசிரியராயிருந்தவர். வாலிபப் பருவத்திலேயே ஜப்பான் சென்று டோக்கியோவில் போட்டோக் கலையை முறையாகக் கற்றார். பின்னர் அமெரிக்கா சென்று நியூயார்க்கிலும் அக்கலையையே பயின்றார். பணம் படைத்த பிள்ளைகள் மேல்நாட்டுக்குச் சட்டம் பயிலச் சென்ற காலத்தில், போட்டோப் பிடிக்கக் கற்பதற்காகக் கடல் கடந்தவர் அவர். 1937-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள், காந்தியடிகளின் பிறந்த தினத்தன்று, நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலிற் செல்லுகையில், காந்தியடிகளின் வாழ்க்கையை அவரைப் பற்றிய உண்மைப் படங்களைக் கொண்டே ஒரு திரைப்படமாக ஆக்கவேண்டும் என்ற எண்ணம் அவருக்கு உதித்தது.

அந்நாளில் அது எத்துணை அரிய காரியம் என்பதை எண்ணிப் பாருங்கள். காந்தியடிகளைக் காமிராக்காரர்கள் பல நாடுகளிற் பல சமயங்களிற் படம் பிடித்திருந்தனர். அச்சுருள்கள் உலகமெங்கும் சிதறிக் கிடந்தன. செட்டியார் அவர்கள் பல நாடுகளுக்கும் பிரயாணம் செய்து, முப்பதாண்டுக் காலத்தில் ஏறத்தாழ நூறு காமிராக்காரர்கள் எடுத்த 50,000 அடிப் படத்தைத் தேடிச் சேர்த்தார். டாக்டர் பி. வி. பதி என்ற தேர்ந்த காமிராக்காரர் இம்முயற்சியில் அவருக்குத் துணை நின்றார். 50,000 அடியைப் பேசும் பட வேகத்தில் ஓட்டினால் ஒன்பது மணி நேரத்துக்கு மேலாகும். அதனை 12,000 அடியாகச் சுருக்கி, 1940-ஆம் ஆண்டு ஆகஸ்டு 23-ஆம் நாள் சென்னையில் வெளியிட்டார். அன்னிய ஆட்சி நடந்த காலம் அது, போரும் மூண்டிருந்தது. அப்பொழுது அவருக்கு வயது முப்பதுகூட நிரம்பவில்லை.

இதில் நாம் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. அந்நூறு காமிராக்காரர்களில் பெரும்பாலோரின் பெயர் இன்று எவருக்கும் தெரியாது. தண்டி யாத்திரையின்போதும் பிற தருணங்களிலும் வெயிலில் நின்று, காட்சி தெளிவாக விழவேண்டுமே என்ற ஒரே கவலையோடு அவர்கள் காமிராவைச் சுழற்றினார்கள். அவர்கள் ஒழுங்காக வேலை செய்திராவிடில் செட்டியார் அவர்கள் சேர்ப்பதற்கு ஏதும் இருந்திராது. காமிராத் தொழிலின் பெருமையும் அதுவே. அதன் வருத்தமும் அதுவே. புகழை நாடி இத்தொழிலுக்கு வருவோர் இதனை முதலிலேயே மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும்.

ஏவி. மெய்யப்பச் செட்டியார் அவர்கள் போர்க் காலத்தை ஒட்டி, நமக்கு அண்மையிலுள்ள காரைக்குடியில் ஸ்டூடியோ அமைத்ததையும், 1947-ஆம் ஆண்டு வெளிவந்த 'நாம் இருவர்' அங்கேயே உருவானதையும் பெரியோர்கள் அறிவார்கள். பிற்பாடு அந்த ஸ்டூடியோ சென்னைக்குப் பெயர்ந்தது. ஆகவே படத்தொழில் நம் குலத்திற்கு அன்னியமன்று. ஆயினும் நாம் பெரும்பாலும் முதல் போடும் இடத்திலேயே இருந்திருக்கின்றோம். கருவியைக் கையிலெடுக்கும் இடத்தில் நம்மவர் மிகச் சிலரே.

தொழிலின் தன்மை

'காமிராமேன்' என்று நாம் பொதுவாகச் சொல்லும் பெயருக்குள் பல வேலைகள் அடங்கியிருக்கின்றன. ஒரு படப்பிடிப்பிற்கு ஒளிப்பதிவாளர் தலைவர். எந்த விளக்கு எங்கே எரியவேண்டும், எந்த லென்ஸ் போடவேண்டும், காட்சியின் நிறமும் நிழலும் எவ்வாறு இருக்கவேண்டும் என்று டைரக்டரோடு கலந்து முடிவு செய்பவர் அவர். அவருடைய கட்டளைப்படி காமிராவின் பின் இருந்து, நடிகரின் அசைவிற்கேற்பக் காமிராவைத் திருப்பியும் உயர்த்தியும் காட்சியைச் சட்டத்துக்குள் நிறுத்துபவர் காமிரா ஆபரேட்டர். 'ஆபரேட்டிவ் காமிராமேன்' என்று படங்களின் தொடக்கத்திற் காண்பது இவரைத்தான். பல படங்களில் ஒளிப்பதிவாளரே இவ்வேலையையும் செய்வதுண்டு. இவருக்கு அடுத்து, காட்சியின் தெளிவைக் காக்கும் போகஸ் புல்லர். அதன்பின் லென்ஸ் பெட்டிகளைக் காப்பவர், மின்கலங்களில் மின்னேற்றுபவர், பதிவான அட்டைகளைப் பிரதி செய்து கணக்கு வைப்பவர் ஆகிய உதவியாளர்கள்.

இதனைக் கேட்கும்பொழுது முதியோர்களுக்கு ஏதேனும் நினைவு வருகின்றதா? பர்மாவிலும் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் நம் லேவாதேவிக் கடைகள் இவ்வாறே நடைபெற்றன. மேலாள் ஒருவர், அவருக்கு அடுத்தாள், எல்லாருக்கும் கீழே பெட்டியடிப் பையன். பெட்டியடிப் பையன் கிட்டங்கியைக் கூட்டுவான், பெட்டியைத் துடைப்பான், சொன்ன இடத்திற்கு ஓடுவான். அவ்வாறு ஓடிக்கொண்டே வட்டிக் கணக்கையும், எவனுக்குக் கடன் கொடுக்கலாம் எவனுக்குக் கொடுக்கலாகாது என்பதையும் கண்ணாற் கண்டு கற்றான். பெட்டியடிக்காமல் மேலாளானவர் மிக அரியர். பெருந்தனவந்தர்கள்கூடத் தம் மகனைப் பிறர் கடையில் பெட்டியடிக்க விட்டதுண்டு. காமிராவிலும் லென்ஸ் பெட்டியைச் சுமக்காமல் ஒளிப்பதிவாளரானவர் அரியரே.

போகஸ் புல்லரின் வேலையைச் சிறிது விளக்கினால் இத்தொழிலின் நுட்பம் புலப்படும். நடிகை ஒருவர் ஆறடித் தூரத்தில் நிற்கின்றார். 85 மில்லிமீட்டர் லென்ஸ் பொருத்தி, அதன் துவாரத்தை 2 என்ற அளவிற்கு அகலத் திறந்திருக்கின்றார்கள். அப்பொழுது தெளிவாக விழும் இடத்தின் ஆழம் இரண்டு அங்குலத்துக்கும் உட்பட்டது. இமை தெளிவாயிருக்கக் காது மங்கிவிடும். அந்நடிகை ஓரடி முன்னே வந்தால், அதே கணத்தில் லென்ஸின் வளையமும் அவ்வளவே திரும்பவேண்டும். முன்னும் திருப்பலாகாது, பின்னும் திருப்பலாகாது. தூரத்தைக் கண்ணால் அளக்கும் இவ்வாற்றல் புத்தகத்தில் வாராது. ஆயிரம் முறை செய்து கைக்கு வருவது.

பிலிம் சுருள் வழங்கிய காலத்தில் இக்கட்டுப்பாடு இன்னுங் கடுமையாயிருந்தது. 400 அடிச் சுருள் நான்கரை நிமிஷத்துக்குள் தீர்ந்துபோம். பழைய மிட்சல் காமிராவில், படம் ஓடும்பொழுது லென்ஸின் வழியே பார்க்க இயலாது. பக்கத்திலிருந்த கண்ணாடியிற் பார்த்தே ஊகிக்கவேண்டும். 1937-ஆம் ஆண்டு ஜெர்மனியில் வெளிவந்த ஆரிபிளெக்ஸ் காமிரா, சுழலும் கண்ணாடி ஒன்றினால் இக்குறையை நீக்கிற்று. எடுத்தது நன்றாக வந்ததா என்பது சுருளைக் கழுவிப் பார்க்கும் வரையில் தெரியாது. 2011-ஆம் ஆண்டளவில் பெரிய நிறுவனங்கள் புதிய பிலிம் காமிரா செய்வதை நிறுத்திவிட்டன. இன்று பெரும்பாலும் வழங்குவன டிஜிட்டல் காமிராக்களே. எடுத்த காட்சியை உடனே திரையிற் பார்த்துக்கொள்ளலாம். இதனால் தொழில் எளிதாயிற்று என்று வாலிபர்கள் எண்ணுகின்றனர். கருவி எளிதாயிற்று; போட்டி பெருகிற்று. கையிலுள்ள டெலிபோனிலேயே எவரும் படம் பிடிக்கும் இக்காலத்தில், நன்றாகப் படம் பிடிப்பவர் யார் என்பதைக் காட்டுவது முன்னிலும் அரிது.

டெலிவிஷனின் முறை சற்று வேறு. சென்னையில் தூர்தர்ஷன் நிலையம் 1975-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் தொடங்கிற்று. 1993-இல் சன் டெலிவிஷன் வந்தபின் தனியார் நிலையங்கள் பெருகின. ஸ்டூடியோவில் மூன்று நான்கு காமிராக்கள் ஒருங்கே இயங்கும். ஒவ்வோர் ஆபரேட்டரின் காதிலும் தயாரிப்பாளரின் குரல் ஒலித்துக்கொண்டேயிருக்கும். எந்தக் காமிராவின் சிவப்பு விளக்கு எரிகின்றதோ அதன் படமே வீடுகளுக்குச் செல்லும். அங்கே மறுமுறை எடுப்பது என்ற பேச்சில்லை. செய்திக் காமிராக்காரரோ தனித்துச் செல்பவர். அண்மை ஆண்டுகளில் தமிழ்நாட்டின் முதல் ஜல்லிக்கட்டு பெரும்பாலும் நம் மாவட்டத்துத் தச்சங்குறிச்சியிலேயே நடைபெறுகின்றது. வாடிவாசலிலிருந்து காளை வெளிப்படுவதற்கும் திடலைக் கடப்பதற்கும் இடையே உள்ளன சில கணங்களே. அதற்குள் காளையையும் வீரனையும் ஒரே சட்டத்துக்குள் வைத்து, அசையாமல் பின்தொடர்ந்து, தன் உயிரையும் காத்துக்கொள்ளவேண்டும். விசாரித்தால், நம் ஊர்க் கல்யாணங்களிற் படம் பிடித்துக் கை பழகியவர்கள் இத்தகைய வேலைக்குச் சென்றிருப்பது தெரியவரும். ஆதலின் கல்யாணப் படம் பிடிப்பதை எவரும் இழிவாக எண்ணவேண்டா. திருப்பூட்டுகின்ற கணமும் திரும்பி வாராத கணமே.

கண்ணைப் பழக்குதல்

காமிரா வாங்குவதற்கு முன் கண்ணைப் பழக்கவேண்டும். அதற்குப் பணம் வேண்டா. இம்மாவட்டத்தைக் காட்டிலும் நல்ல பள்ளிக்கூடம் அதற்குக் கிடைப்பதும் அரிது.

சித்தன்னவாசற் குகைக்குச் சென்று, விதானத்திலுள்ள தாமரைத் தடாகத்தையும் தூண்களிலுள்ள நடன மாதரையும் பாருங்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், இருண்ட பாறையினுள்ளே, எவ்விடத்தில் எவ்வளவு வெளிச்சம் புகும் என்று அறிந்து தீட்டிய கைகள் அவை. ஓர் உருவம் ஒரு தூணின் அகலத்துக்குள் எவ்வாறு அடக்கப்பட்டிருக்கின்றது என்று அரை மணி நேரம் நின்று பார்த்தால், சட்டம் கட்டுவது எப்படி என்பது விளங்கும். திருமயம் கோட்டையின் மேலேறி, காலை ஆறு மணிக்கும் நண்பகலிலும் மாலை ஐந்து மணிக்கும் அதே பாறையைப் பாருங்கள். காலையிற் பாறையின் ஒவ்வொரு மடிப்பும் தெரியும். நண்பகலில் அது தட்டையாகிவிடும். மனித முகமும் அப்படியே. உச்சி வெயிலிற் கண் குழிந்து நிழல் விழும். அந்நிழலைப் போக்க வெள்ளைத் தெர்மாகோல் பலகையைப் பிடித்து வெளிச்சத்தைத் திருப்புவார்கள்.

நம் வீடுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். இராயவரத்திலும் கடியாபட்டியிலும் கோனாபட்டிலும் உள்ள பழைய வீடுகளின் வளவில், வானத்திலிருந்து நேரே இறங்கும் வெளிச்சம் நடுவில் விழுகின்றது. பத்தியில் நிற்பவர் முகத்தில் அது ஒருபுறமாக மெல்லத் தடவிச் செல்கின்றது. உள்ளறைகளில் இருள் சேர்கின்றது. ஆயிரமாயிரம் ரூபாய் வாடகைக்கு விளக்குகள் கொணர்ந்து ஒளிப்பதிவாளர் உண்டாக்க முயலும் வெளிச்சம் அதுவேயாம். நம் ஆயாமார் அவ்வெளிச்சத்தில் அமர்ந்தே கூடை முடைந்தார்கள். மட்டக்களப்பிற் பிறந்த ஒளிப்பதிவாளர் பாலு மகேந்திரா அவர்கள், சன்னலின் வழியாகவும் முற்றத்தின் வழியாகவும் இயற்கையாய் வரும் ஒளியைக் கொண்டே படம் எடுத்துப் புகழ் பெற்றவர். 'மூன்றாம் பிறை'யின் ஒளிப்பதிவுக்குத் தேசிய விருதும் பெற்றார். அவர் தேடிச்சென்ற ஒளி நம் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றது.

கற்கும் இடங்கள்

முறையாகக் கற்க விரும்புவோர்க்கு அரசினர் நிறுவனங்கள் உண்டு. சென்னைத் தரமணியிலுள்ள எம். ஜி. ஆர். பெயரால் வழங்கும் அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம், 1945-ஆம் ஆண்டு தொழிற்கல்லூரியின் ஒரு பகுதியாகத் தோன்றியது. 'நாயகன்' படத்தின் ஒளிப்பதிவுக்காகத் தேசிய விருது பெற்ற பி. சி. ஸ்ரீராம், கடலூர்ப் பக்கத்துப் பத்திரக்கோட்டையில் உழவர் குடும்பத்திற் பிறந்த தங்கர் பச்சான் போன்றோர் அங்கே பயின்றவர்கள். பன்னிரண்டாம் வகுப்புத் தேறியவர்கள் அங்கு ஒளிப்பதிவில் நான்காண்டுப் பட்டப் படிப்பிற் சேரலாம். பட்டம் பெற்றவர்களுக்கு, 1960-இல் தொடங்கிய பூனா நிறுவனமும், 1995-இல் தொடங்கிய கல்கத்தா சத்யஜித் ராய் நிறுவனமும் உள்ளன. பாலு மகேந்திரா அவர்கள் பூனாவிற் பயின்றவர். இவ்விடங்களில் இடங்கள் மிகச் சில. நுழைவுத் தேர்வும் உண்டு. பள்ளியில் இயற்பியலையும் கணக்கையும் அலட்சியம் செய்த மாணவன் ஒளியின் விதிகளைக் கற்கையில் இடர்ப்படுவான். "படிப்பு ஏறவில்லை, ஆகையாற் காமிராவுக்குப் போகின்றேன்" என்பது பொருந்தாத வாதம்.

தனியார் நிறுவனங்களும் பல உள்ளன. நல்லனவும் இருக்கின்றன, விளம்பரமே பாடமாக உள்ளனவும் இருக்கின்றன. பணம் கட்டுமுன், அங்கே கற்பிப்போர் எந்தப் படங்களுக்கு ஒளிப்பதிவு செய்தவர், மாணவன் ஒருவனுக்கு ஒரு வாரத்தில் எத்தனை மணி நேரம் காமிரா கையிற் கிடைக்கும், முன்னர்ப் படித்து வெளியேறியவர்கள் இன்று எங்கே வேலை செய்கின்றனர் என்ற மூன்று கேள்விகளை நேரிற் சென்று கேளுங்கள். விடை மழுப்பலாயிருந்தால் திரும்பிவிடுங்கள். எங்கே பயின்றாலும், அதன்பின் தேர்ந்த ஒளிப்பதிவாளர் ஒருவரிடம் சில ஆண்டுகள் உதவியாளராயிருப்பது இன்றியமையாதது.

பெண் மக்களும் இத்தொழிலும்

ஆச்சிமார்களுக்கு ஒரு வார்த்தை. இத்தொழில் ஆண்பிள்ளைகளுக்கே உரியது என்று எண்ணவேண்டா. டைரக்டர் பி. ஆர். பந்துலு அவர்களின் புதல்வியார் பி. ஆர். விஜயலட்சுமி அவர்கள், ஒளிப்பதிவாளர் அசோக் குமாரிடம் உதவியாளராயிருந்து தொழில் கற்று, 1985-இல் 'சின்ன வீடு' படத்திற்குத் தாமே ஒளிப்பதிவு செய்தார். ஆசியாவின் முதற் பெண் ஒளிப்பதிவாளர் என்று அவரைப் போற்றுகின்றனர். அவருக்குப் பின் பலர் வந்திருக்கின்றனர். பெண் பிள்ளை வெளியூர்ப் படப்பிடிப்புக்குச் செல்கையில், தங்கும் இடமும் திரும்பும் நேரமும் தக்கவாறு உள்ளனவா என்று கேட்பது பெற்றோரின் உரிமை, குழுவினரின் கடமையுமாம். அக்கேள்விக்கு நேரான விடை தரும் குழுவிற்கு அனுப்புங்கள். கணவன் கடல் கடந்திருந்த ஆண்டுகளில் வீட்டையும் கொடுக்கல் வாங்கலையும் தனித்து நடத்திய ஆச்சிமார்களின் பேத்திகளுக்குத் திறமையோ துணிவோ குறைவென்று யார் சொல்லுவார்?

வருவாயும் இடையூறுகளும்

நிற்க. இனிப் பணத்தைப் பற்றிப் பேசவேண்டும். நம் சபையில் அதைப் பேசாமல் விட்டால் எவரும் என்னை மன்னியார்.

உதவியாளனுக்கு முதற் சில ஆண்டுகளிற் கிடைப்பது பெரும்பாலும் நாட்படி. 'பேட்டா' என்று சொல்வார்கள். படப்பிடிப்பு நடந்தால் உண்டு, நடவாவிட்டால் இல்லை. ஒரு படம் முடிந்து அடுத்த படம் தொடங்க மாதக்கணக்கில் ஆகலாம். தொடங்கிய படம் நின்றுபோவதும் உண்டு. விடியுமுன் புறப்பட்டு நள்ளிரவில் திரும்பும் நாட்கள் பல. பாரம் சுமப்பதால் தோளும் முதுகும் வருந்தும். டெலிவிஷன் நிலையத்தில் மாதச் சம்பளம் கிடைக்கும், வளர்ச்சி மெதுவாயிருக்கும். தென்னிந்திய ஒளிப்பதிவாளர் சங்கத்தில் அங்கத்தினராவது பெரிய படங்களில் வேலை செய்ய உதவும். அதற்குரிய கட்டணத்தையும் தகுதியையும் முன்கூட்டியே அறிந்து திட்டமிடவேண்டும்.

உயிராபத்தும் இல்லாமலில்லை. 2020-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் நாள் இரவு, சென்னைக்கு அருகே பெரும் படமொன்றின் படப்பிடிப்புத் தளத்தில் கிரேன் சாய்ந்து மூவர் மாண்டனர். உயரத்திற் கட்டிய விளக்கின் கீழும், ஓடும் வண்டியின் மீதும், மின்கம்பிகளின் நடுவிலும் நின்று வேலை செய்பவர் காமிராக் குழுவினர். ஆகவே, விபத்து இன்ஷ்யூரன்ஸ் இல்லாமல் நம் பிள்ளை ஒருவனும் இவ்வேலைக்குச் செல்லலாகாது என்று சொல்வேன். ஆபத்தென்று தோன்றும் இடத்தில் "இயலாது" என்று சொல்லும் துணிவையும் அவனுக்குக் கற்பித்து அனுப்புங்கள்.

காமிராவைச் சொந்தமாக வாங்குவது பற்றி: பெரிய படங்களுக்குரிய காமிராக்களை வாடகைக்கே எடுக்கின்றனர். ஐந்தாறு ஆண்டுகளில் ஒரு காமிரா பழையதாகி விலை இறங்கிவிடும். கடன் வாங்கிக் காமிரா வாங்கியவன், வட்டி கட்டுவதற்காகக் கிடைத்த வேலையையெல்லாம் ஏற்று, கற்கவேண்டிய காலத்தைக் கூலிக்கு ஓட்டிவிடுகின்றான். வட்டியின் வேகத்தை நம்மைக் காட்டிலும் அறிந்தவர் யார்? கற்கும் பருவத்தில் மலிவான பழைய காமிரா ஒன்றும், நல்ல லென்ஸ் ஒன்றும் போதும். மிஞ்சிய பணம் சென்னையில் மூன்றாண்டு வாடகைக்கும் சோற்றுக்கும் உதவட்டும்.

சங்கம் செய்யத்தக்கவை

நம் முன்னோர் பையனைக் கொண்டுவிற்க அனுப்பியபொழுது வெறுங்கையோடு அனுப்பினார்களா? இல்லை. சம்பளச் சீட்டு எழுதினார்கள். எத்தனை ஆண்டுக்கு, எவ்வளவு சம்பளம் என்பது அதில் தெளிவாயிருந்தது. ஒரு பகுதியை முன்பணமாகக் கொடுத்தார்கள்; அது வீட்டிலுள்ளோரைக் காத்தது. மூன்றாண்டு ஒரு கணக்கு. கணக்கு முடிந்து ஊர் திரும்பினால், பையன் தேறினானா இல்லையா என்பது எல்லாருக்கும் தெரிந்துவிடும். தேறாதவனுக்கு வேறு வழி காட்டினார்கள். இன்று காமிரா உதவியாளனாகச் செல்லும் பிள்ளைக்கு இவற்றுள் ஒன்றேனும் இல்லை. சீட்டுமில்லை, முன்பணமுமில்லை, கணக்கு முடியும் நாளுமில்லை. அவன் சோம்பலினாற் கெடுகின்றான் என்று நாம் குறை கூறுகின்றோம். அவனைத் தாங்கிய ஏற்பாட்டை நாமே கைவிட்டதை நினைப்பதில்லை.

ஆதலால் இச்சபையின் முன் சில யோசனைகளைப் பணிவோடு வைக்கின்றேன். முதலாவது, குடும்பத்தினுள்ளேயே ஒரு சீட்டு. தந்தையும் பிள்ளையும் அமர்ந்து, மூன்றாண்டுக்கு மாதம் இன்ன தொகை தருவேன் என்று தந்தையும், மாதந்தோறும் வரவு செலவும் கற்றதும் எழுதி அனுப்புவேன் என்று பிள்ளையும் கையெழுத்திடட்டும். மூன்றாண்டு முடிவில் இருவரும் கணக்குப் பார்க்கட்டும். தேறினால் மற்றொரு கணக்கு. தேறாவிடில் வருத்தமின்றி வேறு தொழில். முப்பத்தைந்து வயது வரையில் "அடுத்த படத்தில் வாய்ப்பு வரும்" என்று காத்திருந்து, கல்யாணமும் இன்றிக் கையில் தொழிலும் இன்றி நிற்கும் துயரம் இதனால் நீங்கும்.

இரண்டாவது, சங்கத்தின் சார்பில் ஒரு மகமை நிதி. கோயிலுக்கும் பள்ளிக்கும் மகமை வைத்த குலம் இது. புள்ளிக்குச் சிறிது கொடுத்தாலும், அரசினர் நிறுவனங்களில் இடம் பெறும் ஏழைப் பிள்ளைகளுக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்கலாம். காசியிலும் இராமேசுவரத்திலும் யாத்திரீகர்க்கு விடுதி எடுத்த நாம், சென்னையில் தொழில் கற்கும் பிள்ளைகள் சிக்கனமாகத் தங்குவதற்குச் சில அறைகள் ஏற்படுத்த இயலாதா? அவ்வறைகளில் நம் குலப் பிள்ளையோடு நம்மூர்ப் பிறகுலப் பிள்ளையும் தங்கட்டும். படப்பிடிப்பில் விளக்குத் தூக்குபவரும் காமிரா பிடிப்பவரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்கின்றனர். யார் எக்குலம் என்று அங்கே கேட்பவன் தன் வேலையில் கருத்தில்லாதவன் என்று பொருள்.

மூன்றாவது, இப்பிள்ளைகள் பழகுவதற்குச் சங்கமே ஒரு வேலை கொடுக்கட்டும். நம் ஊர்களில் பழைய வீடுகள் ஆண்டுதோறும் இடிக்கப்படுகின்றன. பர்மாத் தேக்குத் தூண்களும் நிலைகளும் பழம்பொருட் கடைகளுக்கு விலையாகின்றன. கொண்டுவிற்கப் போய்வந்தவர்களின் வாயிலிருந்து அக்கதைகளைக் கேட்டிருந்த தலைமுறையும் குறைந்துகொண்டே வருகின்றது. விடுமுறை தோறும் மாணவர் இருவர் ஓர் ஊருக்குச் சென்று, அங்குள்ள வீடுகளையும், முதிய ஆச்சிமார்கள் சொல்லும் செய்திகளையும், அவர்கள் சம்மதித்த அளவிற்குப் படம் பிடித்துவரட்டும். எந்நாள், எவ்வூர், எவ்வீடு, யார் பேசியது என்று குறிப்பு எழுதி வைக்கட்டும். மாணவர்க்கு அது பயிற்சி. சங்கத்திற்கு அது பொக்கிஷம். கோட்டையூர்ச் செட்டியார் அவர்கள் பிறர் எடுத்து வைத்த படச்சுருளைத் தேடி உலகைச் சுற்றினார். நம்மைப் பற்றிய படத்தை நாளை எவரேனும் தேடிவரும்பொழுது, நம்மிடத்திலேயே அது ஒழுங்காக இருக்கட்டும்.

வாலிப நண்பர்களே, பெட்டி சுமக்க வெட்கப்படாதிருங்கள், கண்ணைத் திறந்து வைத்திருங்கள், கணக்கு எழுதுங்கள். பெரியோர்களே, பிள்ளை காமிராவைக் கேட்டால் காமிராவைக் கொடாமற் காலத்தைக் கொடுங்கள். அதற்கொரு வரம்பையும் கொடுங்கள். இவ்யோசனைகளை நிர்வாக சபையார் ஆராய்ந்து ஆவன செய்வார்களாக.